ஃபோர்ட் அகஸ்டஸ்: லோக் நெஸ் கரையில இருக்கிற குட்டி ஊரை நிதானமா நடந்து பாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்து டூர் போற முக்காவாசிப் பேரு இந்த ஊரைத் தாண்டித்தான் போவாங்க. இன்வர்னெஸ்ல இருந்து ஃபோர்ட் வில்லியம் போற ஏ82 ரோடு ஊர் நடுவுலயே போகுது. டூர் பஸ் வந்து நிக்கும், எல்லாரும் இறங்குவாங்க, ஏரியை ஒரு போட்டோ, நெஸ்ஸி (இந்த ஏரியில இருக்கிறதா சொல்ற மர்ம மிருகம்) பொம்மை ஒண்ணு, ஒரு காபி, அரை மணி நேரத்துல திரும்ப ஏறிக் கிளம்பிடுவாங்க. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருதானே, இதுல என்ன இருக்கப்போகுதுன்னு நெனைக்கிறது சகஜம். ஆனா முந்நூறு வருஷமா இந்த ஊருக்கு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வெளியாளுங்க பெரிய பெரிய திட்டத்தோட வந்துட்டே இருந்திருக்காங்க. முதல்ல பட்டாளம், அப்புறம் கால்வாய் இன்ஜினியருங்க, அப்புறம் துறவிங்க, அப்புறம் ரயில்காரங்க, கடைசியா கரண்டு கம்பெனி. அனேகமா யாரோட திட்டமும் அவங்க நெனைச்சபடி நடக்கல, ஆனா அவங்க போட்ட கல்லு மட்டும் இன்னும் அப்படியே நிக்குது. அதைத்தான் வரிசையா பாக்கப் போறோம். என்னைக் கேட்டா இதுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க, முடியலன்னா அரை நாளாவது.

கிளம்புறதுக்கு முன்னாடி

இன்வர்னெஸ்ல இருந்து சுமார் 55 கிலோமீட்டர், ஃபோர்ட் வில்லியம்ல இருந்து சுமார் 50. ரெண்டு பக்கத்துல இருந்தும் பஸ் இருக்கு, ஆனா நம்ம ஊரு மாதிரி அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வராது, அதனால திரும்பி வர்ற பஸ் நேரத்தை முதல்லயே பாத்து வச்சுக்கோங்க. மே மாசமும் செப்டம்பரும் ரொம்ப நல்லா இருக்கும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பகல் நீளம்தான், ஆனா மிட்ஜ்னு ஒரு பொடிப் பூச்சி காத்து இல்லாத சாயங்காலத்துல கூட்டமா வந்து கடிக்கும், அதுக்கு கிரீம் வாங்கி வச்சுக்கோங்க. மழைக்கோட்டு எந்த மாசமா இருந்தாலும் வேணும்.

ஸ்டெப் 1: ஊர் எங்க உக்காந்திருக்குன்னு புரிஞ்சுக்கோங்க

மேப்பைத் திறந்து பாத்தா ஸ்காட்லாந்தோட வடபகுதியை தென்மேற்குல இருந்து வடகிழக்கா கத்தியால கீறின மாதிரி ஒரு நேர்க்கோடு தெரியும். அதுதான் கிரேட் க்ளென். பூமிக்குள்ள பாறை பிளந்து நகர்ந்த கோடு அது, அதை அப்புறம் பனிப்பாறைங்க இன்னும் ஆழமா குடைஞ்சு விட்டுடுச்சு. அந்தப் பள்ளத்துல வரிசையா ஏரிங்க. அதுல பெருசு லோக் நெஸ், சுமார் 37 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்துல 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் இருக்கிற எல்லா ஏரித் தண்ணியையும் சேத்தாலும் இந்த ஒரு ஏரித் தண்ணி அளவுக்கு வராது. அந்த ஏரியோட தெற்கு முனையில, ஓய்க், டார்ஃப்னு ரெண்டு ஆறு வந்து விழற இடத்துலதான் ஊர். கடல்ல இருந்து கடலுக்கு மலைக்கு நடுவுல போற ஒரே நேர்வழி, அதுக்கு நட்ட நடுவுல இந்த ஊர். யாரு இந்த மலைநாட்டைக் கட்டுப்படுத்தணும்னு நெனைச்சாலும் இங்க வந்து உக்காந்துதான் ஆகணும். ஊரோட கதை முழுக்க இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

பட்டாளம் வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்தது ஒரு சின்ன கிராமம், கில் ஹூமின். அயோனா தீவுல 7-ஆம் நூற்றாண்டுல மடாதிபதியா இருந்த குமீன் பேருல இருந்த கோயிலை வச்சு வந்த பேருன்னு சொல்லுவாங்க. கேலிக் மொழியில இன்னைக்கும் ஊர் பேரு அதுதான், போர்டுல எழுதியிருக்கும் பாருங்க. ஊருக்குத் தெக்கால இருக்கிற பழைய இடுகாடும் அதே பேருலதான் இருக்கு. நேரம் இருந்தா நடையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஸ்டெப் 2: ஓட்டல் பின்னாடி இருக்கிற சுவரு

லோவட்டுன்னு ஒரு பழைய ஓட்டல் ரோட்டோரமாவே இருக்கு. அதோட வளாகத்துக்குள்ள பாழடைஞ்ச கல்லுச் சுவர் ஒண்ணு நிக்கும். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், பாதிப் பேரு அதைக் கவனிக்கவே மாட்டாங்க. ஊரோட பட்டாளக் கதை ஆரம்பிக்கிறது அந்தச் சுவர்லதான்.

1715-ல ஜேக்கபைட்டுங்கன்னு ஒரு கூட்டம், லண்டன்ல உக்காந்திருக்கிற ராஜா வேண்டாம், நாடு கடத்தப்பட்ட ஸ்டூவர்ட் வம்சம்தான் வேணும்னு எழுந்தாங்க. மலைநாட்டு குலங்கள்ல பல குலம் அவங்க பக்கம். கலகம் அடங்கினதும் அரசாங்கம் மலைநாட்டுல நாலு இடத்துல பட்டாள முகாம் கட்டினாங்க. அதுல ஒண்ணோட மிச்சம்தான் இந்தச் சுவரு. ஆனா முகாம் ஏரியை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, படகுல சாமான் வந்தா அங்கிருந்து தூக்கிட்டு வரணும். அப்ப வந்தவர்தான் ஜெனரல் வேட். இவரோட வேலை ரோடு போடுறது. அவர் காலத்துல மட்டும் சுமார் 400 கிலோமீட்டர் ரோடும் ஏகப்பட்ட பாலமும் போட்டாங்க. 1729-ல ஏரிக்கரையிலயே புதுசா ஒரு கோட்டை ஆரம்பிச்சாரு, நாலு மூலையிலயும் கொத்தளம், 1742-ல முடிஞ்சுது. ராஜா மகன் வில்லியம் அகஸ்டஸ் பேரை வச்சாங்க, வேலை ஆரம்பிச்சப்ப அவன் சின்னப் பையன். அவனே பின்னாடி கம்பர்லாண்ட் டியூக்கா இதே இடத்துக்குப் படையோட வரப்போறான்.

கோட்டையைவிட எனக்கு ஆச்சரியமா இருக்கிறது வேட் 1731-ல இங்கிருந்து கோரியாரிக் கணவாய் வழியா தெக்க போட்ட ரோடுதான். 770 மீட்டர் உயரத்துக்கு மேல ஏறி அந்தப்பக்கம் வளைஞ்சு வளைஞ்சு இறங்கும். பட்டாளம் சீக்கிரமா மலைக்குள்ள வந்து கலகத்தை அடக்கணும்னு போட்ட ரோடு. 1745 ஆகஸ்ட்ல ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் க்ளென்ஃபினன்ல கொடி ஏத்தினதும் அரசாங்கத் தளபதி கோப் வடக்க கிளம்பி வந்தாரு, கணவாய் எதிரி கையில இருக்குன்னு தெரிஞ்சதும் மலை ஏறாம இன்வர்னெஸ் பக்கம் திரும்பிட்டாரு, உடனே ஜேக்கபைட் படை அரசாங்கம் போட்ட அதே ரோட்டுல ஏறி இறங்கி நேரா எடின்பரோவுக்கே போயிடுச்சு. யாருக்கு எதிரா போட்டாங்களோ அவங்களுக்கே வசதியாப் போச்சு.

கோட்டைக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். 1746 மார்ச்ல ஜேக்கபைட்டுங்க முற்றுகை போட்டாங்க, அவங்க வீசின குண்டு வெடிமருந்துக் கிடங்கு மேல விழுந்து வெடிச்சுது, ஒருசில நாள்லயே கோட்டை கையை விட்டுப் போயிடுச்சு. ஆனா அடுத்த மாசமே, ஏப்ரல் 16-ஆம் தேதி, கலோடன்ங்கிற இடத்துல ஜேக்கபைட்டுங்க தோத்து எல்லாம் முடிஞ்சுது. ஒரு மணி நேரம்கூட நடக்காத சண்டை. மே மாசம் கம்பர்லாண்ட் இங்க வந்து கூடாரம் போட்டு உக்காந்தான். சுத்து வட்டாரத்துப் பள்ளத்தாக்குல வீடுங்களைக் கொளுத்தி, ஆடு மாடை எல்லாம் ஓட்டிட்டு வந்து இங்கதான் வித்தாங்க. மலைநாட்டு ஜனங்களுக்கு இன்னைக்கும் அந்தப் பேரு கசப்புதான். இந்த வட்டாரத்துல பெரிய குலம் பிரேசர் குலம், அதோட தலைவர் லோவட் பிரபுவை 1747-ல லண்டன்ல தலையை வெட்டினாங்க. பிரிட்டன்ல அப்படித் தலை வெட்டப்பட்ட கடைசி ஆள் அவருதான்.

ஸ்டெப் 3: கோட்டையா இருந்து மடமான கட்டடம்

ஓட்டலைத் தாண்டி ஏரிப் பக்கம் போனா கோபுரத்தோட பெரிய சாம்பல் நிறக் கட்டடம் தெரியும். முதல்ல பாக்குறவங்க இதைக் கோட்டைன்னு நெனைச்சுடுவாங்க. கோட்டை இருந்த இடம்தான், பழைய சுவரும் கொத்தளமும் கொஞ்சம் உள்ளே கலந்து கிடக்கு, ஆனா நிக்கிறது மடம்.

கிரைமியா போர் சமயத்துல கோட்டைக் காவல் படையை எடுத்துட்டாங்க. 1867-ல அரசாங்கம் கோட்டையை வித்துடுச்சு. வாங்கினது யாருன்னா லோவட் பிரபு, அதே பிரேசர் குலம். தலையை வெட்டி நூத்தி இருபது வருஷத்துல அந்தக் குலத்து ஆளு கையிலயே கோட்டை வந்து சேர்ந்துச்சு. அவங்க கத்தோலிக்கக் குடும்பம், 1876-ல இடத்தை பெனடிக்டைன் துறவிங்களுக்குக் கொடுத்துட்டாங்க. கட்டட வேலை பாத்ததுல ஜோசப் ஹான்சம் முக்கியமானவர், லண்டன் தெருவுல ஓடின ஹான்சம் குதிரை வண்டியை வடிவமைச்ச அதே ஆள்தான். 1880-ல மடம் திறந்தாங்க, கூடவே பையன்களுக்கு ஒரு பள்ளிக்கூடமும் நடந்துச்சு.

துறவிங்க ஜெபத்தோட நிக்கல. 1890-கள் ஆரம்பத்துலயே ஓடைத் தண்ணியில டர்பைன் வச்சு கரண்டு எடுத்து மடத்துக்கும் ஊருக்கும் கொடுத்தாங்க. பெரிய டவுன்லயே கேஸ் விளக்கு எரிஞ்சிட்டிருந்த காலம் அது. துறவிங்க ஆர்கன் வாசிக்க ஆரம்பிச்சா ஊருக்குள்ள பல்பு மங்கிடும்னு ஊர்ல ஒரு கதை உண்டு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாம விடக்கூடாது. இந்தப் பள்ளிக்கூடத்துல பையன்களுக்கு நடந்த கொடுமை பல வருஷம் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு, ஸ்காட்லாந்து குழந்தைகள் வன்கொடுமை விசாரணைக் குழு 2021-ல அதை உறுதிப்படுத்தி அறிக்கை கொடுத்துச்சு. அங்க படிச்சவங்க பல பேரு இன்னும் உயிரோட இருக்காங்க. கட்டடம் அழகா இருக்குன்னு மட்டும் எழுதிட்டுப் போறது அவங்களுக்குச் செய்யுற அநியாயம்.

1993-ல பள்ளிக்கூடம் மூடினாங்க, 1998-ல துறவிங்களும் போயிட்டாங்க. இப்ப உள்ளே தனியார் ஃபிளாட்டுங்க, லீவுக்கு வந்து தங்குறவங்களுக்கும் வாடகைக்கு விடுறாங்க. வீட்டுக்காரங்க இருக்கிற இடம், அதனால வெளியில இருந்து பாத்துட்டு நகர்ந்துடுங்க.

ஸ்டெப் 4: அஞ்சு லாக் படிக்கட்டு (இதுக்கு குறைஞ்சது ஒரு மணி நேரம்)

ஊருக்கு நட்ட நடுவுல, ரெண்டு பக்கமும் கடைங்களுக்கு மத்தியில, தண்ணி படிப்படியா ஏறிப் போகுது. ஒவ்வொரு படியும் ஒரு லாக், அதாவது முன்னாடியும் பின்னாடியும் கேட்டு வச்ச தண்ணித் தொட்டி. இதுதான் கலிடோனியன் கால்வாய். மத்ததுக்கு நேரம் இல்லன்னாலும் இதை மட்டும் விட்டுடாதீங்க.

எதுக்கு இந்தக் கால்வாய்னா, அப்ப பிரான்ஸோட போர். கப்பலுங்க ஸ்காட்லாந்தோட வடக்கு முனையைச் சுத்திப் போனா ஒரு பக்கம் புயல், இன்னொரு பக்கம் எதிரிக் கப்பல். கூடவே மலைநாட்டுல ஜனங்களை நிலத்தை விட்டு விரட்டி அந்த இடத்துல ஆடு மேய்க்க விட்டுட்டிருந்த காலம், வேலை இல்லாம குடும்பம் குடும்பமா கப்பல் ஏறிப் போயிட்டிருந்தாங்க, அவங்களுக்கு ஒரு பொழைப்பும் வேணும். 1803-ல பார்லிமென்ட் சட்டம் போட்டு இன்ஜினியர் தாமஸ் டெல்ஃபோர்டு கிட்ட வேலையை ஒப்படைச்சாங்க. ஏழு வருஷத்துல முடியும்னு நெனைச்ச வேலை, 1822-லதான் திறந்தாங்க. மொத்தம் சுமார் 97 கிலோமீட்டர், அதுல மூணுல ஒரு பங்குதான் வெட்டினது, மிச்சம் எல்லாம் ஏரி. மொத்தம் 29 லாக்.

இந்த ஊர்ல அடி லாக் கட்டினதுதான் பெரிய போராட்டம். ஆத்துப் பக்கத்துல தோண்டினா அடியில பூரா சரளை, தோண்டத் தோண்ட தண்ணி ஊறி வந்துட்டே இருக்கும். ஸ்டீம் பம்ப் வச்சு இறைச்சு இறைச்சுத்தான் அஸ்திவாரம் போட்டாங்க. அடி லாக் ஓரமா நிக்கும்போது கீழ குனிஞ்சு கல்லைப் பாருங்க, ரெண்டு நூற்றாண்டு ஆகியும் அந்த இணைப்பு எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு தெரியும்.

எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை புரிஞ்சுட்டா அங்க இருந்து நகர மனசு வராது. அஞ்சு தொட்டி, ஒண்ணுக்கு மேல ஒண்ணு, மொத்தம் சுமார் 12 மீட்டர் ஏத்தம். ஏரியில இருந்து வர்ற படகு அடித் தொட்டிக்குள்ள நுழையும், பின்னாடி கேட்டை மூடுவாங்க. அப்புறம் மேல்தொட்டித் தண்ணியை மதகு வழியா கீழ விடுவாங்க, படகு மெதுவா உயரும், ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டம் ஆனதும் முன் கேட்டு திறக்கும், படகு அடுத்த தொட்டிக்குள்ள போகும். ஒரு இடத்துலகூட படகை பம்ப் வச்சுத் தூக்குறது இல்ல, எல்லாம் மேல இருந்து தானா இறங்குற தண்ணியோட வேலை. கேட்டை நல்லா பாருங்க, கோயில் வாசக்கதவு மாதிரி ரெண்டு கதவு, ஆனா மூடும்போது நேர்க்கோட்டுல சேராது, மேட்டுப் பக்கமா லேசா கூம்பா நிக்கும். மேல இருந்து தண்ணி அழுத்த அழுத்த ரெண்டு கதவும் ஒண்ணை ஒண்ணு இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். தண்ணி மட்டம் சமமாகாம அந்தக் கதவை எந்த பலசாலியாலயும் திறக்க முடியாது.

படகுல வர்றவங்க என்ன செய்யுறாங்கன்னும் கவனிங்க. ஒருத்தர் ரெண்டு பேரு கரையில இறங்கி, முன்கயிறு ஒருத்தர் பின்கயிறு ஒருத்தர்னு பிடிச்சுக்கிட்டு, படகை மாட்டை ஓட்டிட்டுப் போறாப்ல தொட்டிக்குத் தொட்டி நடத்திட்டுப் போவாங்க. தண்ணி குபுகுபுன்னு உள்ள வரும்போது படகு ஆட ஆரம்பிக்கும், அப்ப கயிறை இறுக்கியும் விடக்கூடாது தளர்த்தியும் விடக்கூடாது, லாக்காரங்க மேல நின்னு குரல் கொடுத்துட்டே இருப்பாங்க. முழுசா ஏறி முடிக்க கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். முன்னெல்லாம் கேட்டைக் கையாலதான் சுத்தித் திறந்தாங்க, 1960-கள்லதான் மெஷின் வச்சாங்க. படிக்கட்டுக்குக் கீழ ஏ82 ரோட்டுல ஒரு திருப்புப் பாலம் இருக்கு, படகு போகணும்னா மணி அடிச்சு ரோட்டை மூடி பாலத்தையே திருப்பிடுவாங்க, லாரியும் டூர் பஸ்ஸும் வரிசையா காத்துக்கிட்டு நிக்கும்.

கால்வாய் திறந்தப்ப போரே முடிஞ்சு போயிருந்துச்சு. செலவு போட்ட கணக்கை எங்கயோ தாண்டிடுச்சு, ஆழமும் நெனைச்ச அளவு வெட்டல. அதுக்குள்ள கப்பலுங்களும் பெருசாக ஆரம்பிச்சுடுச்சு. மறுபடி மூடி, ரிப்பேர் பாத்து, ஆழப்படுத்தி 1847-ல திரும்பத் திறந்தாங்க. 1873-ல விக்டோரியா மகாராணி கோண்டோலியர்ங்கிற ஸ்டீமர்ல இந்த வழியா போனதுக்கப்புறம் சுற்றுலாக்காரங்க குவிய ஆரம்பிச்சாங்க. போர்க்கப்பலுக்காக வெட்டின கால்வாயை இப்ப காப்பாத்திட்டு இருக்கிறது உல்லாசப் படகுங்கதான், எனக்கு அதுல எந்த வருத்தமும் இல்ல.

ஒரு முக்கியமான விஷயம், லாக் ஓரத்துல கைப்பிடி எல்லா இடத்துலயும் இருக்காது, உள்ளே ரொம்ப ஆழம், கல்லும் வழுக்கும். குழந்தைங்க கையை விடாதீங்க.

ஸ்டெப் 5: ஏரிமுனை

லாக்ல இருந்து கால்வாய் ஓரமாவே ஏரிப் பக்கம் நடங்க, சில நிமிஷம்தான். கால்வாய் ஏரியில சேர்ற இடத்துல குட்டியா ஒரு கலங்கரை விளக்கம் இருக்கும், ராத்திரியில வர்ற படகுக்கு வாயிலைக் காட்ட வச்சது. அங்கிருந்து பாத்தா ஏரி நேரா வடகிழக்கா நீண்டு போய் ரெண்டு பக்க மலையும் சேர்ற மாதிரி தெரியும். போட்டோ எடுக்க ஊர்ல இதைவிட நல்ல இடம் இல்ல. தண்ணி கறுப்பா இருக்கிறது அழுக்கு இல்ல, மலையில இருக்கிற கரிமண் கரைஞ்சு வர்ற நிறம், சில மீட்டர் கீழ போனாலே இருட்டு.

நெஸ்ஸி பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 6-ஆம் நூற்றாண்டுல புனித கொலம்பா நெஸ் ஆத்துல ஒரு மிருகத்தை விரட்டினதா பழைய கதை உண்டு, ஆனா இன்னைக்கு நாம கேக்குற கதை 1933-லதான் பரவ ஆரம்பிச்சுது. 1934-ல வந்த பிரபலமான போட்டோ ஏமாத்து வேலைன்னு 1994-ல தெரிஞ்சு போச்சு. 2018-ல நியூசிலாந்து விஞ்ஞானி நீல் கெம்மல் குழு ஏரித் தண்ணியில கலந்திருக்கிற டிஎன்ஏவை எடுத்துப் பாத்தாங்க, ஊர்வன எதுவும் கிடைக்கல, விலாங்கு மீன் டிஎன்ஏ ஏராளமா கிடைச்சுது. படகு சவாரி இங்கிருந்தே போகுது, சோனார் ஸ்கிரீன்ல ஏரியோட அடித்தளத்தைக் காட்டுவாங்க, அந்த ஆழத்தைப் பாக்கறதுக்காகவே போகலாம்.

ஸ்டெப் 6: ஆத்துல நிக்கிற தூண்கள்

கால்வாய்க்கு வடக்கால ஓய்க் ஆறு. அங்க பாலமே இல்லாம தனியா சில கல்தூண் நிக்கும். ஸ்பீன் பிரிட்ஜ்ல இருந்து இங்க வரைக்கும் 38 கிலோமீட்டருக்கு 1903-ல ஒரு ரயில் பாதை போட்டாங்க. இன்வர்னெஸ் வரைக்கும் போகணும்கிறதுதான் ஆசை, ஆனா போட்டி கம்பெனிங்க சண்டையில அது நடக்கவே இல்ல. ஸ்டீமரைப் பிடிக்க வசதியா கால்வாயையும் ஆத்தையும் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் செலவு பண்ணி பாலம் கட்டினாங்க, அந்தக் கடைசித் துண்டுல பயணிகள் ரயில் ஓடினது 1906 வரைக்கும்தான். 1933-ல மொத்தப் பாதையிலயும் பயணிகள் ரயிலை நிறுத்தினாங்க, அதுக்கப்புறம் நிலக்கரி வண்டி மட்டும் ஓடி 1946-ல அதுவும் நின்னுடுச்சு. இவ்வளவு குட்டி ஊருக்கு இவ்வளவு பெரிய தூணான்னு பாத்தாலே கணக்கு எங்க தப்பாச்சுன்னு புரிஞ்சுடும்.

ஸ்டெப் 7: செர்ரி தீவு

ஊரைத் தாண்டி வடக்க ஏ82 பக்கம் கரையில இருந்து பாத்தா மரம் நாலு முளைச்ச ஒரு குட்டித் தீவு தெரியும். லோக் நெஸ்ல இருக்கிற ஒரே தீவு இதுதான், அதுவும் இயற்கையா வந்தது இல்ல. ஏரிக்குள்ள மரக்கட்டையும் கல்லும் போட்டு மேல வீடு கட்டி பாதுகாப்பா வாழ்ந்த காலத்துத் தீவு. கிரானக்னு சொல்லுவாங்க, ஸ்காட்லாந்து ஏரிங்கள்ல நிறைய உண்டு. இது மனுஷன் கட்டினதுன்னு காட்டினவர் மடத்துத் துறவி ஓடோ ப்ளண்டெல். 1908-ல அவரே முங்குநீச்சல்காரங்க போடுற உடுப்பை மாட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள இறங்கி, கல்லுக்கு அடியில மரக்கட்டைங்க அடுக்கியிருக்கிறதைக் கையால தடவிப் பாத்திருக்காரு. அந்தக் காலத்து உடுப்புன்னா பித்தளைத் தலைக்கவசம், ஈயம் வச்ச பூட்ஸ், மேல இருந்து ஒருத்தர் காத்து அடிச்சுட்டே இருக்கணும், கீழ கறுப்புத் தண்ணி. இந்த ஊர்க் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷன் அவருதான். பக்கத்துல இன்னொரு சின்னத் தீவும் இருந்துச்சு, கால்வாய் வேலைக்காக ஏரி மட்டத்தை உயர்த்தினப்ப அது முங்கிப் போச்சு, செர்ரி தீவும் பாதியா சுருங்கிடுச்சு.

ஸ்டெப் 8: நேரம் மிச்சம் இருந்தா மேல ஏறுங்க

கார் இருந்தா பி862 ரோட்டுல தெக்குக் கரைப் பக்கம் ஏறுங்க. வழியில லோக் டார்ஃப்னு குட்டித் தீவுங்களோட ஒரு ஏரி, அதைத் தாண்டி சுயி வியூபாயின்ட். அந்த மலைக்கும் அதே குமீன் பேருதான். இந்தப் பக்கத்து மலைக்குள்ளதான் க்ளென்டோ நீர்மின் நிலையம் இருக்கு, 2009-ல திறந்தது, 100 மெகாவாட், தண்ணி சுமார் 600 மீட்டர் உயரத்துல இருந்து இறங்குது, பிரிட்டன்ல இதைவிட உயரத்துல இருந்து தண்ணி விழற மின் நிலையம் கிடையாது. திறந்த வருஷமே சுரங்கத்துக்குள்ள பாறை சரிஞ்சு நின்னு போய் 2012-லதான் திரும்ப ஓடுச்சு. வெளியில இருந்து பாக்க பெருசா ஒண்ணும் தெரியாது, எல்லாம் உள்ளே.

நடக்கிறவங்களுக்கு ரெண்டு வழி. கிரேட் க்ளென் வே ஊருக்குள்ளயே போகுது, ஃபோர்ட் வில்லியம்ல இருந்து இன்வர்னெஸ் வரைக்கும் சுமார் 125 கிலோமீட்டர். அதுல ஒரு துண்டு மட்டும், கால்வாய் ஓரமா கைட்ரா லாக் வரைக்கும் போய் வந்தா குழந்தைங்ககூட நடக்கலாம், சமதரைதான். கோரியாரிக் கணவாய் அப்படி இல்ல, ஒரு முழு நாள், மேல ஒதுங்க இடம் கிடையாது, மேகம் இறங்கினா பக்கத்துல இருக்கிறவர்கூடத் தெரியாது, மலை நடந்து பழக்கம் இருந்தா மட்டும் போங்க.

ஃபோர்ட் வில்லியம் பக்கம் திரும்பிப் போறவங்க ஒரு எட்டு கிலோமீட்டர்ல ஓய்க் பாலத்துல நிறுத்துங்க. 1849 வெள்ளத்துல பழைய பாலம் அடிச்சுட்டுப் போனதுக்கு அப்புறம் 1854-ல ஜேம்ஸ் டிரெட்ஜ் முறையில கட்டின தொங்குபாலம். சங்கிலி கோபுரத்துக்கிட்ட தடிமனாவும் நடுவுல போகப் போக மெலிசாவும் இருக்கும், அதனால இரும்பு குறைச்சலாவே போதும். வண்டி விடுறது இல்ல, நடந்து போகக் காசு கிடையாது, பார்க்கிங் பக்கத்துலயே இருக்கு.